நான்காவது குழி

மகனே, கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதே. உன் அப்பாவிடம் வேண்டாம். உன் தாத்தா, அதாவது என் அப்பா, அப்போதும் இருந்தால் அவரிடம் நிச்சயமாக வேண்டாம். படித்து முடித்ததும் என்னிடம் வந்து படித்தேன் என்றுகூடச் சொல்லாதே, உன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். நீ இதைப் படிக்கும்போது உனக்கு இருபத்தைந்து வயதாவது ஆகியிருக்கும். கல்யாணம் முடிந்து வேறு வீட்டுக்குப் போகிறவனாகவும் இருக்கலாம். எனக்கு இப்போது பதினைந்து. பத்தாவது படிக்கிறேன். நீ இன்னும் பிறக்கவில்லை. பிறக்காத பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிறவளைப் பைத்தியம் என்பார்கள். ஆனால் எனக்குத் தெரிந்தவர்களிலேயே இன்றைக்கு இதை யாரிடமும் போய்ச் சொல்லிவிட முடியாதவன் நீ ஒருவன்தான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அப்பா வேலை செய்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ரேணுகா அக்காவின் குழந்தை ஆண் குழந்தை. போன மாதம் அது பிறந்தபோதே உயிர் இல்லை. நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது அந்தக் குழந்தையிடம். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை, எந்தப் பெயரைப் போட்டு எழுதுவது? அதனால்தான் உன்னை மகன் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பாவைத் தாத்தா என்று எழுதக் கை வரவில்லை. அப்பா என்றே எழுதுகிறேன், நீ புரிந்துகொள்.

லிங்கராஜபுரத்தில் மாடிமேல் ஷீட் போட்ட ஒரு ஹாலும் சமையலறையும்தான் எங்கள் வீடு. நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் ஹாலில் படுத்திருக்கிறார்கள். கோலாரில் தங்கச் சுரங்கம் மூடிய பிறகு அப்பா பெங்களூருக்கு வந்து போர்வெல் லாரியில் சேர்ந்தார். அதற்கப்புறமும் பல வருஷம் அம்மாவும் நானும் ஊரிலேயே இருந்தோம், ஏழாவது வரை நான் அங்கேதான் தமிழில் படித்தேன். அதனால்தான் உனக்கு இப்படி எழுத முடிகிறது. உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் போனால் இந்தக் கடிதமே வீண். அப்படிப் போகாமல் நானே சொல்லிக்கொடுத்திருப்பேன் என்று நம்புகிறேன்.

அப்பா இருபத்தைந்து வருஷம் தண்ணீருக்காக பூமியைத் துளைத்தவர். போன வருஷம் ஒரு கம்பெனி அவரை வேறு வேலைக்குக் கூப்பிட்டது. இங்கேயும் குழி போடத்தான் வேண்டும், ஆனால் தண்ணீர் எடுப்பதற்கு இல்லை. வீட்டைக் குளிர வைக்கவும் சூடாக்கவும் போடுகிற குழி. அதை அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது மொட்டை மாடியில், ஏப்ரல் வெயில் இறங்கின பிறகும் ஷீட் கொதித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். முந்நூறு அடிக்குக் கீழே வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே சூடுதான் இருக்குமாம். மேலே வெயிலோ பனியோ அதற்குத் தெரியாது. குழிக்குள்ளே ஒரு கருப்பு பைப்பை இறக்கி, அடியில் வளைத்து மேலே கொண்டுவருவார்கள். அந்தப் பைப்புக்குள் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும். வெயில் காலத்தில் வீட்டின் சூட்டை அது கீழே கொண்டுபோய் விட்டுவிட்டு வரும். மார்கழியில் கீழே இருக்கிற சூட்டை மேலே கொண்டுவரும். நடுவில் ஹீட் பம்ப் என்று ஒரு பெட்டி, பிரிட்ஜ் மாதிரி, அந்தச் சூட்டைப் பிடித்து வாங்கிக் கொடுக்கும். ஏசி மாதிரி வெளியே ஒரு பெட்டி இரைந்துகொண்டு தெருவுக்கே அனல் விடாது. மின்சாரமும் குறைவு. என் அப்பாவின் அப்பா சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர், கீழே போகப் போகப் பாறை கையைச் சுடும் என்பாராம். அப்பா அதை நினைத்துச் சிரித்தார். "பத்தாயிரம் அடியில அடுப்பு, முந்நூறு அடியில மண்பானை. எங்கப்பா கொஞ்சம் மேலயே நின்னிருந்தா சௌக்கியமா இருந்திருப்பாரு," என்றார். நாம் வீடு கட்டும்போது நமக்கும் ஒரு குழி போட்டுத் தருகிறேன் என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவர் எந்த வேலையைப் பற்றியும் பேசி நான் கேட்டதில்லை.

இந்த வேலையில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. கம்பெனிக்குத் தினமும் ஒரு தாள் நிரப்பி அனுப்ப வேண்டும். எத்தனையாவது குழி, எத்தனை அடி, எந்த அடியில் பாறை, பைப் எவ்வளவு இறங்கியது, குழியை நிரப்ப எத்தனை மூட்டை போனது, எல்லாம் ஆங்கிலத்தில். அப்பாவுக்குத் தமிழும் கன்னடமும் படிக்க வரும், ஆங்கிலம் வராது. அதனால் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து அவர் சொல்லுவார், நான் எழுதுவேன். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது என்று கம்பெனியில் சொன்னார்களாம். அதை அவர் எதிர் வீட்டுக்காரர் வரைக்கும் சொல்லிவைத்தார். அம்மாகூட, "கலெக்டர் ஆபீஸ்ல வேலை கெடச்ச மாதிரி இன்னாத்துக்கு இந்த அலட்டல்?" என்று கேட்டாள். எனக்கும் பெருமைதான். இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

ஹென்னூர் தாண்டி ஒரு பெரிய வீட்டுக்கு ஆறு குழி போட வேண்டியிருந்தது. லீவு என்பதால் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் நான் அடிக்கடி அங்கே போவேன். வேலையைப் பார்த்துக்கொண்ட எஞ்சினியர் ஒரு பெண். எல்லாரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். கன்னடக்காரர், எனக்கு மட்டும் தமிழைத் தேடித் தேடிப் பேசுவார். மூன்றாவது குழியை நிரப்பும்போது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். தண்ணீர் பட்டால் வீங்குகிற களிமண் தூளை மணலோடு சேர்த்து மாவு மாதிரி கரைக்கிறார்கள். அதை மேலேயிருந்து கொட்டுவதில்லை. ஒரு மெல்லிய பைப்பைக் குழியின் அடிவரை விட்டு, கீழேயிருந்து மேலே நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். இடைவெளியே இருக்கக் கூடாது. கருப்பு பைப்பும் பாறையும் ஒட்டி இருந்தால்தான் சூடு போக வர முடியும் என்றார். பிறகு இன்னொன்று சொன்னார். "அது கூட சின்ன காரணம். மேலே இருக்கிற அழுக்கு கீழே இருக்கிற நல்ல நீரைத் தொடக் கூடாது. அது பெரிய காரணம்." நான் தலையாட்டினேன். மகனே, இது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று யாரிடமும் என்னால் சொல்ல முடியாது.

நான்காவது குழி போட்ட அன்றைக்கு மேடம் வேறு சைட்டுக்குப் போயிருந்தார். அது பின்பக்க மூலை. காம்பவுண்டு சுவருக்கு வெளியே தெருச் சாக்கடை, அதைத் தாண்டிச் சரிவில் வரிசையாக தகர ஷெட்டுகள். ராய்ச்சூர் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பழைய போர்வெல். அந்தக் கோடையில் அது சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. நாலு நாளைக்கு ஒரு முறை வருகிற டாங்கர் லாரியை நம்பி இருந்தார்கள். அப்பா சர்ச்சுக்குப் போகிறவர், ஆனால் மிஷினுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்காமல் ஒருநாளும் குழியை ஆரம்பித்ததில்லை. அன்றைக்கும் வைத்தார். இருநூறு அடி தாண்டும்போது வெள்ளைப் புழுதி கறுத்தது, சேறாயிற்று. பிறகு கம்ப்ரஸர் காற்றோடு தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது, தென்னை மரம் உயரத்துக்கு.

போர்வெல் ஆட்கள் அதற்காகவே பிறந்தவர்கள். லாரியில் இருந்தவர்கள் எல்லாரும் நனைந்துகொண்டு நின்றார்கள். அப்பா ஈரக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சத்தம் கேட்டு ஷெட்டுகளிலிருந்து பெண்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள், வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார். முதலில் வந்தது ரேணுகா அக்கா. எங்களுக்கு முன்னமே பழக்கம், பத்து மணிக்கு ஷெட்டிலிருந்து டீ கொண்டுவருவாள். எப்போது பார்த்தாலும் சாப்பிட்டாயா என்று கன்னடத்தில் கேட்டுவிட்டு, நான் ஆம் என்றாலும் நம்பாமல் ஒரு ரொட்டியைக் கையில் திணிப்பாள். அன்றைக்கு அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவின் காலைத் தொட வந்தாள். "கங்கம்மா பந்த்ளு அண்ணா," என்றாள். கங்கம்மா வந்துவிட்டாள் என்று அர்த்தம். அப்பா பின்னால் நகர்ந்துகொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

பைப்பை இறக்கினார்கள். நிரப்பவில்லை. மூட்டைகள் தார்ப்பாய்க்கு அடியில் அப்படியே இருந்தன, நான் பார்த்தேன். பத்தடி ஆழத்தில் சாக்கைத் திணித்து, அதன்மேல் களிமண்ணும் ஜல்லியும் போட்டு, மற்றக் குழிகளைப் போலவே வாயை மெழுகிவிட்டார்கள். சாயங்காலம் தாளை எடுத்துவைத்து உட்கார்ந்தோம். பன்னிரண்டு மூட்டை என்று எழுதச் சொன்னார். மூட்டை எல்லாம் பிரிக்காமல் இருந்ததே என்று கேட்டேன். அவர் சொன்னது எனக்கு ஒரு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "அந்த ஊத்து கீழ ஷெட்டுங்க போருக்குத்தான் போவுது பாப்பா. இங்க நான் களிமண்ண எறக்கினா அது பாறை சந்துல பூந்து அவங்க ஊத்துக் கண்ணையே அடைச்சிடும். தண்ணி வராத குழிய எத்தினியோ மூடியிருக்கேன். வந்த குழிய மூடினதில்ல. எழுது."

நான் எழுதினேன். பன்னிரண்டு. அழகாக, அச்சு மாதிரி. அந்த மூட்டைகளை அப்பா விற்றார் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. அவை அடுத்த இரண்டு குழிகளிலேயே கூடுதலாகப் போயின. அவர் ஒரு பிடி தூள்கூட வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த வாரமே ஷெட்டுகளின் போரில் தண்ணீர் கொஞ்சம் கூடியது. அது இந்தக் குழியால் கூடியதா, கோடை மழையால் கூடியதா, எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. ஆனால் அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

ஆகஸ்டில் அந்த வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். வேலை செய்தவர்கள் எல்லாரையும் குடும்பத்தோடு சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். ஜனங்கள் நிறைந்த ஹாலில் வேர்க்கவே இல்லை, இரைச்சலும் இல்லை. குளிர் எங்கிருந்து வருகிறது என்று அம்மா மேலும் கீழும் தேடினாள். எங்க வீட்டுக்காரர் போட்ட குழியிலிருந்து வருது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டாள், பாவம். மத்தியானம் பெரிய மழை அடித்தது. சாக்கடை நிரம்பிப் பொங்கி, காம்பவுண்டுக்கு அடியில் புகுந்து பின்பக்க மூலையில் தேங்கியது. கறுப்புத் தண்ணீர், நாற்றம். நாங்கள் பின்பக்கத் தாழ்வாரத்தில் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வீட்டுச் சொந்தக்காரர் முகம் சுளித்தபோது வாட்ச்மேன் ஓடி வந்து சமாதானம் சொன்னார். "கவலப்படாதீங்க சார், இந்த மூலையில மட்டும் தண்ணி நிக்காது. ஒரு மணி நேரத்துல எங்க போவுதுன்னே தெரியாது, குடிச்சிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து கையைக் கழுவிக்கொண்டு அந்த மூலைக்குப் போய், மழை நின்ற பிறகும் நெடுநேரம் நின்றார். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் நடுவில், நான்காவது குழியின் வாய் இருந்த இடத்தில், சின்னதாக ஒரு சுழி. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ரேணுகா அக்கா அவரைப் பார்த்துவிட்டு வந்தாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம், அந்த வீட்டிலேயே வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வயிற்றில் இருப்பது பையன்தான், இந்த உதை உதைக்கிறான் என்று என் கையை எடுத்து வைத்துக்கொண்டாள். உதைத்தான். அப்பா அவளிடம், போர் தண்ணீரைக் குடிக்காதே, குடித்தால் காய்ச்சிக் குடி என்று சொன்னார். ஏதோ சாதாரணமாகச் சொல்வது போல, வேறெங்கோ பார்த்துக்கொண்டு. அவள் சிரித்தாள். "நீவே கொட்ட நீரு, அண்ணா." நீங்களே கொடுத்த தண்ணீர்தானே, அதற்கு என்ன என்று.

அதற்குப் பிறகுதான் அப்பா தண்ணீர் கேன் சுமக்க ஆரம்பித்தார். தினமும் வேலைக்குப் போகும் வழியில் ஸ்கூட்டரில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று கட்டிக்கொண்டு ஷெட்டுகளுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் போவார். "மாடிப்படியில ரெண்டு குடம் தூக்கித் தரச் சொன்னா இடுப்பு வலின்னு படுத்துக்கிற மனுஷன், ஹென்னூருக்குத் தண்ணி சப்ளை பண்றாரு," என்று அம்மா கிண்டல் செய்தாள். ஆனாலும் அவளுக்கு உள்ளுக்குள் பெருமை, ஜெபக் கூட்டத்தில் சொன்னாளாம். எனக்குத்தான் அந்தக் கேன்களைப் பார்க்க முடியவில்லை. முப்பது ஷெட் இருக்கிறது, மகனே. இரண்டு கேன்.

முதலில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. பிறகு பெரியவர்களுக்கு மஞ்சள் காமாலை, வரிசையாக நாலைந்து ஷெட்டில். யாரோ வந்து தொட்டியில் மருந்துப் பொடி போட்டுவிட்டுப் போனார்கள். டாங்கர் தண்ணீர்தான் கெட்டது என்று ஷெட்டுக்காரர்கள் முடிவு கட்டினார்கள். அந்த லாரி டிரைவரை மடக்கித் திட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் இப்போது அந்தப் பக்கமே வருவதில்லை. அதனால் இன்றைக்கு அவர்கள் எல்லாருக்கும் அந்த ஒரு போர்தான். நல்ல தண்ணீர், அண்ணன் கொடுத்த தண்ணீர் என்று குடிக்கிறார்கள்.

ரேணுகா அக்காவுக்குக் கண் மஞ்சளாகித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கர்ப்பிணிகளுக்குக் காமாலை வந்தால் ரொம்ப ஆபத்து என்று அங்கே சொன்னார்களாம். மூன்றாம் நாள் குழந்தை பிறந்தது, உயிர் இல்லாமல். அம்மாவோடு நான் பார்க்கப் போனேன். அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் பக்கத்தில் நின்றபோது திரும்பிப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்டாள். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. வெளியே வந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். எனக்கும் காமாலையோ என்று அம்மா பயந்துபோய் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னாள்.

அன்றைக்கு மாடிப்படியில் அப்பாவை நிறுத்திக் கேட்டேன். இப்போதாவது அந்தக் குழியை நிரப்ப முடியாதா என்று. முடியும் என்றார். மேலே இருக்கிற ஜல்லியை எடுத்துவிட்டு, அடிவரை மெல்லிய பைப்பை விட்டு நிரப்பிக்கொண்டே வந்தால் ஒரு நாள் வேலை. ஒரே ஒரு நாள். ஆனால் கலக்குகிற மிஷினும் நீளப் பைப்பும் கம்பெனியில் இருக்கின்றன. கேட்டால் எதற்கு என்பார்கள். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகவே இரண்டு மூட்டையோடு போய்ப் பார்த்தாராம், வீட்டுச் சொந்தக்காரர் உள்ளே விடவில்லையாம். அப்படியானால் மேடத்திடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "என்னப் புடிச்சினு போனா போவட்டும் பாப்பா. அந்தத் தாள்ல இருக்கிறது உன் கையெழுத்து. நான் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லக் கூடாது. என் தலைமேல சத்தியம்." என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். அவர் தலை சுட்டது. நான் சத்தியம் செய்தேன்.

மகனே, நான் உனக்கு அம்மாவாகச் சொல்ல வேண்டியவற்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் எனக்குத் தைரியம் இருக்காது. நீ வீடு கட்டினால் பூமியில் குழி போட்டே கட்டு. இது நல்ல விஷயம், பயப்படாதே. அந்த ஹாலில் நான் நின்றிருக்கிறேன், அந்தக் குளிர்ச்சி பொய் இல்லை. மற்ற ஐந்து குழிகளும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் நிரப்புகிற அன்றைக்கு வேறெங்கும் போகாதே. பக்கத்தில் நின்று மூட்டை பிரிவதைப் பார். கீழேயிருந்து மேலே வருகிறதா என்று பார். பணம் கொடுத்தவன் வந்து சந்தேகப்படுகிறான் என்று வேலைக்காரர்கள் முகம் சுளித்தாலும் பார். தண்ணீர் வந்த குழி என்று யாராவது இரக்கப்பட்டால், அந்த இரக்கத்துக்காக இன்னும் கவனமாகப் பார். கெட்டவன் செய்யும் தப்பை எல்லாரும் தேடுவார்கள். என் அப்பா செய்த தப்பை யாரும் தேடவில்லை, அவர் நல்லவர் என்பதால்.

இன்னொன்று. உனக்குப் பிரியமானவர் சொன்னார் என்பதற்காக நீ கண்ணால் காணாததைக் கண்டதாக எழுதாதே. ஒரு எண்தானே என்று தோன்றும். எழுதும்போது பேனா வலிக்கவே இல்லை எனக்கு. அப்பா என்மேல் வைத்த பிரியம் இப்போது அவர் வாயை அடைத்துவிட்டது. நான் அவர்மேல் வைத்த பிரியம் என் வாயை அடைத்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டிருக்கிற ஒவ்வொரு நாளும் சரிவில் முப்பது ஷெட்டில் குடம் நிரம்புகிறது. இதைக் கணக்குப் பாடம் மாதிரி எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் ஒரே விடைதான் வருகிறது.

இனிதான் உன்னை மறைக்கச் சொன்ன விஷயம். நான் சத்தியத்தை மீறிவிட்டேன். இன்று சாயங்காலம் அப்பா இன்னும் வந்திருக்கவில்லை, அம்மா ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தாள், போனை வைத்துவிட்டுப் போயிருந்தாள். மேடத்துக்கு மெசேஜ் எழுதினேன். நான்காவது குழியை நிரப்பவில்லை. மேலே பத்தடி மட்டும்தான். சாக்கடை அதில்தான் இறங்குகிறது. பன்னிரண்டு மூட்டை என்று பொய் எழுதியது நான். ஷெட்டுக்காரர்களிடம் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று இப்பவே சொல்லுங்கள். அப்பா என்ற வார்த்தையை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அழித்தேன். கடைசியில் அப்பா பெயர் இல்லாமலே அனுப்பினேன். இதுவும் பாதிப் பொய்தான், எனக்குத் தெரியும்.

மேடம் உடனே போன் செய்தார். நான் எடுக்கவில்லை, பயமாக இருந்தது. மறுபடி அடித்தது. எடுத்தேன். அவர் திட்டவில்லை. நாலாவது, பின்பக்கம் இருப்பது, நிச்சயமா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். நிச்சயம் என்றேன். நேராக ஷெட்டுகளுக்குப் போய் போரை நிறுத்துகிறேன் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அப்பாவுக்குத் தெரியுமா, நீ சொன்னது?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அங்கே வேலையை முடித்துவிட்டு எவ்வளவு நேரமானாலும் உங்கள் வீட்டுக்கு வருகிறேன், அவரிடம் நீயே முதலில் சொல்லிவிடு, என் வாயால் அவர் கேட்கக் கூடாது என்றார். சரி என்றேன்.

அப்பா எட்டு மணிக்கு வந்தார். சாப்பிட்டார். நாளைக்குக் கொண்டுபோக வேண்டிய இரண்டு கேன்களையும் கதவுப் பக்கத்தில் எடுத்துவைத்தார். கை கழுவும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். பாய் விரிக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். விளக்கை அணைக்கும்போது, "படிச்சது போதும் பாப்பா, கண்ணு கெட்டுடும்," என்றார். அப்போது வாய் வரைக்கும் வந்தது. ஒரு நாள் நீயும் என்னிடம் எதையாவது சொல்ல வந்து சொல்லாமல் போவாய். அன்றைக்கு நான் கோபித்துக்கொண்டால் இந்தப் பக்கத்தை எடுத்து என் முன்னால் வை. யாரிடமும் காட்டாதே என்றேனே, என்னிடம் மட்டும் காட்டலாம். போரை நிறுத்தியிருப்பார்களா என்று தெரியவில்லை. ரேணுகா அக்காவிடம் யார் சொல்லப்போகிறார்கள் என்று தெரியவில்லை. நானேதான் போக வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த வரியை முடித்துவிட்டு அப்பாவை எழுப்பிவிடுவேன். அவர் காலைத் தொட்டால் உடனே விழித்துவிடுவார், அப்படித்தான்

வெளிக் கதவைத் தட்டுகிறார்கள். அப்பா எழுந்துவிட்டார், யாரு என்று கேட்டுக்கொண்டே இருட்டில் சட்டையைத் தேடுகிற சத்தம் கேட்கிறது. அவர் தாழ்ப்பாளில் கை வைப்பதற்குள் நான்